என்னிடம் வந்து சேர்ந்த நம்பர்

2008-ஆம் வருஷம், நாங்கள் கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குக் குடிவந்த புதிதில் தொடங்கியது இது. முடிய நாலு வருஷம் ஆனது. முதுநகர் நான் பிறந்து வளர்ந்த இடம். சிதம்பரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்ததால் இங்கே வீடு பார்த்தோம். என் கணவர் உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பண்ருட்டி, அண்ணாகிராமம், சீர்காழி என்று தினமும் பைக்கில் சுற்றுகிறவர். அவருக்கு எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சிம் கார்டு வாங்கினேன். அதுதான் என் முதல் செல்ஃபோன். லைஃப்டைம் கார்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள். பேருக்குத்தான் லைஃப்டைம், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ரீசார்ஜ் செய்யாவிட்டால் கட்டாகிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐஸ் எத்தனை பாக்ஸ் வேணும் என்பார் ஒருவர். போட்டு கரைக்கு வந்துடுச்சா என்பார் இன்னொருவர். நான் ராங் நம்பர் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். கடையில் போய்க் கேட்டதற்கு, பழைய ஆள் ரொம்ப நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார், கம்பெனிக்காரன் நம்பரை உங்களுக்குக் கொடுத்துவிட்டான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். அடிக்கடி கூப்பிட்ட ஒரு நம்பரை மட்டும் 'ஐஸ்' என்று போட்டு வைத்துக்கொண்டேன், எடுக்காமல் விடுவதற்காக. கடைக்காரர் சொன்ன மாதிரியே சில மாதங்களில் அந்த அழைப்புகள் எல்லாம் நின்றுபோயின.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. எப்போதாவது ஒரு முறை, திரையில் நீளமாக ஒரு வெளிநாட்டு நம்பர் வரும். எடுத்து ஹலோ என்பேன். எதிர்முனையில் யாரும் பேச மாட்டார்கள். காற்றுச் சத்தமோ மோட்டார் ஓடுகிற சத்தமோ கேட்கும். இரண்டாவது ஹலோ சொல்வதற்குள் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நம்பர் வேறு வேறாக இருக்கும். "உனக்கு ஃபாரின்ல யாரோ இருக்காங்க போல" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

2010-இல் அவருடைய கம்பெனியில் குடும்பத்துக்கென்று இரண்டு சிம் கொடுத்தார்கள். எங்களுக்குள் எவ்வளவு பேசினாலும் இலவசம். என் பழைய நம்பர் தேவையில்லாமல் போனது. பழைய ஃபோன் சிம்மோடு பீரோவுக்குள் போய்விட்டது. ரீசார்ஜ் செய்யும்படி மெசேஜ் வந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கிப் போடேன் என்றார் அவர். தூக்கிப் போடுவதற்கு முன், அதில் இருக்கும் நம்பர்களைப் புது ஃபோனில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் சார்ஜ் போட்டு உட்கார்ந்தேன்.

பாதி ஏற்றியிருப்பேன். ஃபோன் அடித்தது. அதே மாதிரி நீளமான நம்பர். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. யாருங்க நீங்க, எத்தனை தடவை இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வைப்பீங்க, பேசுறதானா பேசுங்க என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். பிறகு ஒரு இளைஞனின் குரல், நம் ஊர்ப் பேச்சில், நிதானமாகச் சொன்னது:

"உங்களாண்ட எனக்கு ஒண்ணும் பேச்சு இல்ல. அந்தப் பொண்ணையாவது நல்லா பாத்துக்குங்க. தாயில்லாத புள்ள."

அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நான் வேறு அறைக்குப் போய்விடுகிற காலம் அது. முகம் தெரியாத ஒருவன் வந்து, உன்னிடம் இருக்கும் பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துக்கொள் என்கிறான். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் வந்து என்னவென்று கேட்டபோதுதான் சொன்னேன்.

இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அவருக்குத்தான் புரிந்தது. இந்த நம்பர் முன்பு யாரோ ஒரு மனைவியை இழந்த மனிதரிடம் இருந்திருக்கிறது. கூப்பிடுகிறவன் அந்த மனிதருக்குச் சொந்தம். ஒவ்வொரு முறையும் பெண் குரல் கேட்டதும், அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று நினைத்துவிட்டான். என் குரலை அந்த இரண்டாம் மனைவியின் குரல் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் பேசாமல் வைத்திருக்கிறான்.

உடனே அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டேன். புரியாத பாஷையில் ஏதோ பதிவுக் குரல் ஓடியது. முன்பு வந்த நம்பர்களுக்கும் போட்டேன். ஒன்றில் யாரோ இந்தியில் பேசினார், தனக்கு எதுவும் தெரியாது, யாரோ வாங்கிப் பேசியிருப்பார்கள் என்றார்.

அன்றைக்கு சிம்மைத் தூக்கிப் போடவில்லை. அவன் மறுபடி கூப்பிட்டால், நீ நினைக்கிற ஆள் நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நம்பர் செத்துப் போய்விட்டால், நடக்காத ஒரு கல்யாணத்தை அவன் வாழ்நாள் முழுவதும் நினைத்துக்கொண்டே இருப்பானே. சாயங்காலம் கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்த ஃபோன் தினமும் என்னோடு லேபுக்கு வந்தது.

ஆனால் அவன் கூப்பிடும்வரை சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. நான் 'ஐஸ்' என்று போட்டு வைத்திருந்த நம்பர் ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன். கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் பழைய ஆளைத் தெரிந்திருந்தது. தேவனாம்பட்டினத்துக்காரர், சொந்தமாக மீன்பிடிப் போட்டு வைத்திருந்தார், இப்போது தொழிலுக்குப் போவதில்லை என்றார். பேரையும் சொன்னார். அவர் பேரையோ மற்றவர்கள் பேரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த முறை முதுநகரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, என் கணவரும் நானும் தேவனாம்பட்டினம் போனோம். கரையோரம் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தோம். அவர் அந்த மனிதருக்குத் தூரத்து உறவு. கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

சுனாமி வந்த அன்று காலையில் அந்த மனிதர் ஒரு கையில் கைக்குழந்தையையும் மறு கையில் மனைவியையும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். தண்ணீர் வந்து அடித்ததில் மனைவியின் கை நழுவிவிட்டது. குழந்தை தப்பித்தது. மனைவியின் தம்பி அப்போது கேரளாவில் போட்டில் வேலையாக இருந்தான். அப்பா அம்மா இல்லாதவன். அக்காவும் மாமாவும்தான் அவனுக்கு எல்லாம். ஊருக்கு வந்து சேர்ந்தவன், எல்லோருக்கும் முன்னால் மாமாவைப் பார்த்து, "அவ கைய ஏன் வுட்ட?" என்று கேட்டிருக்கிறான். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே போட்டில் தொழிலுக்குப் போனார்கள், ஆனால் பேச்சு இல்லை. ஒரு வருஷம் போல அப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளாமல் அவன் வளைகுடா நாட்டுக்கு மீன்பிடிப் போட்டு வேலைக்குப் போய்விட்டான்.

"மாமனாண்ட பேச மாட்டான். எப்பனா போன் போட்டு, பாப்பாவாண்ட குடுனு மட்டும் சொல்லுவானாம். இவுரும் ஒண்ணும் பேசாம குடுத்துடுவாரு. அப்பறம் அதுவும் நின்னு போச்சு" என்றார் அந்தப் பெண்.

அந்த மனிதர் இப்போது எங்கே என்று கேட்டேன். மகள் படிப்புக்காகச் சிதம்பரம் போய்விட்டார், அங்கே ஏதோ மெஸ்ஸில் சமைக்கிறார் என்றார். என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரைத் தேடிக் கடற்கரை வரை போனோமோ, அவர் எங்கள் ஊரில் இருந்தார்.

மெஸ்ஸைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. யுனிவர்சிட்டி மாணவர்கள் சாப்பிடும் இடம். என் லேபிலிருந்து நடந்தே போகலாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரமாகப் பார்த்துப் போனேன். கடல் வெயிலில் கறுத்த, உயரமான மனிதர். அண்ணே என்று கூப்பிட்டு, என் ஃபோன் நம்பரைச் சொன்னேன். வேறெதுவும் சொல்வதற்கு முன்பே அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நம்பர் போன கதையை அவர் சொன்னார். கரையில் மீன் இறக்கும்போது ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அது ஊரைவிட்டுக் கிளம்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்த நேரம். சிம்மை மட்டும் எடுத்துத் துடைத்து, ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். சிதம்பரம் வந்து, வேலை தேடி, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, இன்னொரு ஃபோன் வாங்கி சிம்மைப் போட்டபோது டவரே வரவில்லை. கடையில் கேட்டால், வேலிடிட்டி முடிந்து நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். மச்சானுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். மச்சானோ ஒரு போட்டை விட்டு இன்னொரு போட்டுக்கு மாறிக்கொண்டே இருப்பவன். அவன் நம்பர் யாரிடமும் இல்லை.

"ஒரு தபா நானே அந்த நம்பருக்குப் போட்டேம்மா. நீங்கதான் எடுத்தீங்க. எம் மச்சான் கூப்ட்டா சொல்லுங்கனு கேக்கலாம்னு நெனச்சேன். முன்னப் பின்ன தெரியாதவங்களாண்ட எப்படிக் கேக்கறதுனு வெச்சிட்டேன்" என்றார்.

அவர் மச்சான் கூப்பிட்டதையும், அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னதையும் நான் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். என்னை யாரென்று நினைத்திருக்கிறான் என்பது புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை. கீழே வைத்த கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு, அவன் உயிரோடு நல்லபடியாக இருக்கிறானே என்று மட்டும் சொன்னார்.

நான் அந்த ஃபோனை எடுத்து, சிம்மைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். இது உங்கள் நம்பர், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் வாங்கவில்லை.

"நான் எடுத்து, கல்யாணம்லாம் பண்ணிக்கலடானு சொன்னா நம்ப மாட்டாம்மா. பொம்பள கொரல காதால கேட்டிருக்கான். நீங்க எடுத்துச் சொன்னாத்தான் நம்புவான். ஒங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா, ஒங்களாண்டயே இருக்கட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொய்யாகிப் போன அந்தக் குரல் என்னுடையது. அதைத் திருத்த வேண்டியதும் அதே குரல்தான். சிம்மைத் திரும்ப ஃபோனில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். அவன் கூப்பிடவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி அந்த வீட்டில் நமக்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான் போலிருந்தது. 2010 போய் 2011-உம் முக்கால்வாசி போய்விட்டது. ஆறு மாதம் முடிவதற்குள் நான் ரீசார்ஜ் செய்துவிடுவேன். இடையில் அடையாளச் சான்று மறுபடி கொடுக்காவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு மெசேஜ் வந்தது. கடைக்காரர் என் சிம்மை யார் பேரில் பதிந்திருந்தாரோ தெரியவில்லை. லீவு போட்டு, ரேஷன் கார்டும் ஃபோட்டோவுமாகக் கடலூரில் இருந்த அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று என் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். பேசவே பேசாத ஒரு நம்பருக்கு இவ்வளவு பாடா என்று வரிசையில் பக்கத்தில் நின்ற அம்மா கேட்டார். ஒருத்தர் கூப்பிடுவாங்க என்று மட்டும் சொன்னேன்.

இதற்குள் அந்த அண்ணனும் மகளும் எங்களுக்கு நெருக்கமாகியிருந்தார்கள். லீவு நாட்களில் அவர் மகளோடு வீட்டுக்கு வருவார். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் வாசலிலேயே நிற்பாள். பிறகு நேராக அடுப்படிக்கே வர ஆரம்பித்தாள். எங்க மாமா கூப்ட்டாரா என்று கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். சரி என்று சொல்லிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுவாள். அவள் அப்படி அலட்டிக்கொள்ளாமல் கேட்டுவிட்டுப் போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்தது. கடலூர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை என் கணவர் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிதம்பரத்தில் சேதம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் கரண்ட் போய்விட்டது, செல்ஃபோன் டவரும் போய்விட்டது. முதுநகரில் அம்மா எப்படி இருக்கிறார் என்று அவர் நேரில் போய்ப் பார்த்து வந்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தக் குழப்பத்தில்தான் ஞாபகம் வந்தது, நம்பருக்கு வேலிடிட்டி முடிகிற வாரம் அது. வழக்கமாக ஒரு வாரம் முன்பே போட்டுவிடுவேன். இந்த முறை வருஷக் கடைசி வேலை நெருக்கடியில் தள்ளிப் போட்டிருந்தேன். இப்போது கடைகள் மூடிக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றிரண்டிலும் டவர் இல்லாமல் ரீசார்ஜ் செய்ய முடியாது என்றார்கள். அவ்வளவு பேர் வீடு வாசல் இழந்து நிற்கும்போது ஒரு ரீசார்ஜுக்காக மறுகுவது எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் என் கணவரிடம்கூட அதிகம் சொல்லவில்லை.

அவராகவே கேட்டார், அந்த நம்பருக்கு என்னைக்குக் கடைசி நாள் என்று. சொன்னேன். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பைக்குக்குப் பெட்ரோல் கிடைக்காததால் பஸ் பிடித்துச் சீர்காழி போனார். அங்கே கரண்டும் டவரும் இருந்தன. தெரிந்த கடை ஒன்றில் என் நம்பரைச் சொல்லி ரீசார்ஜ் செய்துவிட்டு, மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் முன்பு சிம்மைத் தூக்கிப் போடச் சொன்ன அதே மனுஷன்.

லேபில் ரசாயனங்கள் கெட்டுப் போகாமல் இருக்க ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தோம். தெரிந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஃபோனைக் கொண்டுவந்து சார்ஜ் போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணனும் தினமும் காலையில் தன் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போவார். மாணவர்கள் லீவில் போயிருந்தாலும் மெஸ்ஸில் அடுப்பு அணையவில்லை. சுற்றுக் கிராமங்களுக்குக் கொடுத்தனுப்ப அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

டவர் வந்த மறுநாள் முற்பகல். ரத்த டியூபுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஃபோன் அடித்தது. நீளமான நம்பர்.

எடுத்தேன். இந்த முறை நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அவன் பேசிவிட்டான். வைச்சிடாதீங்க, வைச்சிடாதீங்க என்றான். நாலு நாளாகப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், லைனே போகவில்லை என்றான். டிவியில் கடலூரைக் காட்டுகிறார்கள், மாமாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள், அதை மட்டும் சொல்லிவிடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்றான்.

ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கப்பா, சிதம்பரத்துலதான் இருக்காங்க என்றேன் முதலில். அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னேன்:

"தம்பி, நீ நெனக்கிற ஆள் நான் இல்ல. உங்க மாமா கல்யாணமே பண்ணிக்கல. இந்த நம்பர் கட்டாகி எனக்கு வந்துடுச்சு. நான் யாரோ, இங்க லேப்ல வேலை பாக்கறவ."

வைத்துவிட்டானோ என்று பயந்து ஹலோ ஹலோ என்றேன். இருக்கேன் என்றான், மெதுவாக.

அண்ணனின் ஃபோன் என் மேஜையில்தான் சார்ஜில் கிடந்தது. அதற்குப் போட்டுப் பயனில்லை. அவன் பேசுகிற காலிங் கார்டில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம்தான் என்றான். இரு, கட் பண்ணாதே என்று சொல்லிவிட்டு, லேபைப் பார்த்துக்கொள்ளும்படி கூட வேலை செய்கிறவளிடம் கையைக் காட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கினேன்.

தெருவெல்லாம் வெட்டிப் போட்ட கிளைகளும் இலையும். காதில் ஃபோனை வைத்துக்கொண்டு அவற்றைத் தாண்டித் தாண்டி வேகமாக நடந்தேன். நடந்துகொண்டே சொன்னேன். ஃபோன் தண்ணீரில் விழுந்தது, சிம்மைக் காகிதத்தில் மடித்து வைத்தது, கடையில் போய்க் கேட்டது, பாப்பா மூணாவது படிக்கிறாள், எங்க மாமா கூப்ட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான் கேட்கிறாள் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவன் லைனிலேயே இருந்தான்.

மெஸ்ஸின் பின்பக்கம் வழியாக உள்ளே போனேன். அண்ணன் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். நான் ஃபோனை அவர் கையில் வைத்தேன்.

காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அவனும் பேசவில்லை போலிருக்கிறது. பேசுங்கண்ணே, கார்டு தீந்துடும் என்றேன் நான்.

"சாப்ட்டியாடா" என்றார்.

அதற்கு அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன். அவர் குரல் மட்டும் இடையிடையே கேட்டது. பாப்பா பக்கத்து வீட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்றார். ஊரில் வீட்டு ஓடெல்லாம் போய்விட்டதாம் என்றார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அத வுடு. நீ நெனச்சா இன்னா, கூப்ட்ட இல்ல" என்றார். அத்தோடு கார்டு தீர்ந்துவிட்டது. அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். கட்டாகிவிட்டது என்று நான்தான் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலமே அவன் மறுபடி என் நம்பருக்குக் கூப்பிட்டான். மாமாவின் புது நம்பரைச் சொன்னேன். அக்கா என்று கூப்பிட்டான். பேச வேண்டும் என்று நினைத்து எதையோ ஆரம்பித்து, அப்புறமா பேசறேன்க்கா என்று நிறுத்திக்கொண்டான்.

2012-லேயே ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தான். ஒருநாள் மூன்று பேரும் லேபுக்கு வந்தார்கள். பாப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கற்பனையில் அவன் முரட்டு ஆளாக இருந்தான். நேரில் ஒல்லியாக, கூச்ச சுபாவமாக இருந்தான். பேரீச்சம்பழ டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒங்க கொரல மனசுக்குள்ள எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமாக்கா" என்றான். எல்லோரும் சிரித்தோம். சுனாமி அன்று நடந்ததைப் பற்றியோ, அவன் கேட்ட கேள்வியைப் பற்றியோ அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அண்ணன் கையில் சிம்மைக் கொடுத்தேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்.

அந்த மாமனும் மச்சானும் ஒருவரை ஒருவர் விட்டுவிடவே இல்லை. ஒருவர் தொலைந்துபோன நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார், இன்னொருவன் அதே நம்பருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் மாமா விலகிப் போய்விட்டார் என்று நம்பியிருந்தான், அவருக்கோ அவனை எட்டவே வழி இல்லாமல் இருந்தது. அதற்கு வேண்டியிருந்ததெல்லாம் முடிந்துபோன ஒரு வேலிடிட்டியும், ஒன்றும் அறியாத நான் சொன்ன ஒரு ஹலோவும்தான். இன்றைக்கும் யார் மீதாவது மனத்தாங்கல் வந்து, இனி அவர்களிடம் பேச ஒன்றுமில்லை என்று தோன்றும்போது, நான் கேட்டது உண்மையிலேயே அவர்களுடைய குரல்தானா என்று என்னை ஒரு தடவை கேட்டுக்கொண்டு, இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.